கறுப்புத் திரையே, காரணம் சொல்!

டிவியில "நோ சிக்னல்"னு வந்த உடனே நம்ம வீடுகள்ல ரெண்டே ரெண்டு தீர்ப்புதான். ஒண்ணு, "கன்சோல் போச்சு." இன்னொண்ணு, "ராத்திரி பகலா ஆடினா போகாம என்ன செய்யும்." முதல் தீர்ப்பு நம்மளோடது, ரெண்டாவது அம்மாவோடது. பெரும்பாலான நேரம் ரெண்டுமே தப்பு.

நான் சொல்ல வர்றது இதுதான். கேம் கன்சோல்ல வர்ற கறுப்புத் திரை ரெண்டு வகை. ஒண்ணு பழுதால வர்றது. இன்னொண்ணு பூட்டால வர்றது, அதாவது யாரோ ஒரு கம்பெனி வேணும்னே மூடி வச்சதால. பார்க்க ரெண்டும் ஒரே கறுப்பு. பழுதை நாமே பாதிக்கு மேல சரி பண்ணலாம். பூட்டை எந்தக் கடைக்காரராலயும் "ரிப்பேர்" பண்ண முடியாது. இந்த வித்தியாசம் தெரியாததாலதான் நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச நாமளே பையில கன்சோலைத் தூக்கிப் போட்டுக்கிட்டு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு பஸ் ஏறுறோம்.

படம் கெட்டாலும் தெரிஞ்ச காலம்

நம்ம வயசுக்காரங்க நிறைய பேருக்கு முதல் கேம் ஸ்க்ரீன் எது? 2006-ல ஆரம்பிச்ச அரசு இலவச கலர் டிவி திட்டத்துல வந்த அந்த 14 இன்ச் பெட்டி. அதுல கடைத்தெருவுல வாங்கின 8-பிட் கேம் பெட்டி. 1983-ல ஜப்பான்ல வந்த நிண்டெண்டோ ஃபேமிகாமோட காப்பிதான் அது. மஞ்சள், வெள்ளை ஒயரைச் சொருகுவோம். ஏவி சாக்கெட் இல்லேன்னா ஆன்டெனா ஓட்டையில சொருகி சேனல் ட்யூன் பண்ணுவோம்.

அந்த செட்டப்ல ஒரு நல்ல குணம் இருந்தது. என்ன கோளாறுன்னு படமே சொல்லிடும். மஞ்சள் பின் லூஸா இருந்தா படம் நடுங்கும். ட்யூனிங் தள்ளியிருந்தா புள்ளி புள்ளியா இரையும். படம் கறுப்பு வெள்ளையா வந்து மேல கீழ உருண்டா, கேம் பெட்டி என்டிஎஸ்சி, டிவி பால். இந்தியாவுல பால் முறை: 625 வரி, விநாடிக்கு 50 முறை. அமெரிக்கா, ஜப்பான்ல என்டிஎஸ்சி: 525 வரி, விநாடிக்கு 60 முறை. ரெண்டும் கலரைச் சொல்ற விதமே வேற. அதனால டிவிக்கு வெளிச்சம் மட்டும் புரியும், கலர் புரியாது. ஆனாலும் ஏதோ ஒண்ணு தெரியும். எட்டு வயசுப் பையன் அந்த ஏதோ ஒண்ணைப் பார்த்தே ஒயரை எந்தப் பக்கம் அழுத்தணும்னு கத்துக்குவான்.

ஹெச்டிஎம்ஐ வந்ததும் படம் பளிச்னு ஆயிடுச்சு. ஆனா அந்த வெள்ளந்தி குணம் போயிடுச்சு. இப்போ பெரும்பாலும் ஒண்ணு முழுசா தெரியும், இல்ல ஒண்ணுமே தெரியாது.

ஒரு கேபிளுக்குள்ள நடக்கற பேச்சுவார்த்தை

ஏன் அப்படின்னு தெரிஞ்சா பாதி பயம் போயிடும். ஹெச்டிஎம்ஐ கேபிள்ல 19 பின் இருக்கு. எல்லாமே படத்தைச் சுமக்கறது இல்ல. படம் கிளம்பறதுக்கு முன்னாடி கன்சோலும் டிவியும் பெண் பார்க்கற மாதிரி ஒரு பேச்சுவார்த்தை நடத்தும்.

முதல்ல கன்சோல் 5 வோல்ட் அனுப்பி "நான் வந்திருக்கேன்"னு சொல்லும். டிவி ஒரு பின்னை உயர்த்தி "ஆமா, இங்கதான் இருக்கேன்"னு பதில் சொல்லும். அடுத்து கன்சோல் டிவியோட ஜாதகத்தைக் கேட்கும். இடிஐடின்னு பேரு. எந்தெந்த ரெசொல்யூஷன், எத்தனை ஹெர்ட்ஸ், எந்த ஆடியோ தாங்கும்னு அதுல இருக்கும். அதைப் பார்த்து கன்சோல் ஒரு ரெசொல்யூஷனை முடிவு பண்ணும். கடைசியா ஹெச்டிசிபி: "நீ அனுமதி உள்ள டிவிதானா, நடுவுல ரெக்கார்டிங் பண்ற ஆளா?"ன்னு சாவி மாத்திப் பார்க்கற சோதனை. இவ்வளவும் ஒத்து வந்தாத்தான் நமக்குப் படம்.

இந்த நாலு படியில எது தடுமாறினாலும் நமக்குக் கிடைக்கறது அதே கறுப்பு. பின் வளைஞ்சதா, ஜாதகம் கிழிஞ்சதா, ரெசொல்யூஷன் ஒத்து வரலையா, சாவி சேரலையான்னு டிவி சொல்லாது. "நோ சிக்னல்"னு நாலுக்கும் ஒரே பதில். என்னோட கோபமே இந்த இடத்துலதான்.

பை தூக்கறதுக்கு முன்னாடி

சரி, டிவி சொல்லலேன்னா நாமதான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும். லேப்ல சர்க்யூட் வேலை செய்யலேன்னா என்ன பண்ணுவோம்? ஒரு நேரத்துல ஒரு பொருளை மட்டும் மாத்திப் பார்ப்போம். இங்கயும் அதேதான்.

1. கன்சோலோட லைட்டைப் பாருங்க. பிஎஸ்4-லயும் பிஎஸ்5-லயும் ஆன் பண்ணும்போது நீலம் துடிக்கும், அப்புறம் வெள்ளையா நிக்கும். வெள்ளை வந்துட்டா உள்ள மூளை வேலை செய்யுது, பிரச்சினை படம் போற வழியில. நீலத்துலயே நின்னுட்டாத்தான் கவலைப்படணும்.

2. கேபிளை மாத்துங்க, ஆனா எதோட மாத்தறோம்னு பாருங்க. செட்டாப் பாக்ஸ்ல இருந்து உருவின பழைய கேபிள் 1080-க்கு ஓடும், 4கே 60-க்கு தடுமாறும். 4கே 120-க்கு அல்ட்ரா ஹை ஸ்பீட் கேபிள் வேணும். பிஎஸ்5 பெட்டியிலயே அது வருது. படத்துல வெள்ளைப் புள்ளி மின்னுது, நடுநடுவுல ஒரு விநாடி கறுப்பாகித் திரும்புதுன்னா முதல்ல கேபிளைச் சந்தேகப்படுங்க.

3. டிவியில வேற போர்ட்டுக்கு மாத்துங்க. பழைய 4கே டிவிகள் சிலதுல எல்லா போர்ட்டும் ஒண்ணு இல்ல. முழு வேகத்துக்கு டிவி செட்டிங்லயும் அந்தந்த போர்ட்டுக்கு அனுமதி கொடுக்கணும். சோனி டிவியில அதுக்கு என்ஹான்ஸ்டு ஃபார்மட்னு பேரு, எல்ஜியில அல்ட்ரா ஹெச்டி டீப் கலர், சாம்சங்ல இன்புட் சிக்னல் பிளஸ். மூணும் ஒரே வேலை, மூணு பேரு.

4. நடுவுல இருக்கற சவுண்ட்பார், ஸ்ப்ளிட்டர் எல்லாத்தையும் கழட்டிட்டு நேரா சொருகுங்க. இடைத்தரகர் இல்லாம பேசினா பாதி சம்பந்தம் கூடிடும்.

5. கரன்ட் போய் வந்த பிறகு வர்ற கறுப்புக்கு, ரெண்டையும் ப்ளக்கோட ஆஃப் பண்ணி ரெண்டு நிமிஷம் விட்டு, டிவியை முதல்ல, கன்சோலை அடுத்து ஆன் பண்ணுங்க. பேச்சுவார்த்தை முதல்ல இருந்து நடக்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். கேபிள் டிவி ஒயரைத் தொட்டா சுரீர்னு அடிக்கற வீடுகள் நம்ம பக்கம் நிறைய. எர்த் சரியில்லாத அந்த வீடுகள்ல ரெண்டு பக்கமும் ஆன்ல இருக்கும்போது ஹெச்டிஎம்ஐயைச் சொருகி உருவாதீங்க. அந்தச் சின்ன மின்சாரம் உள்ள இருக்கற சிப்பை உண்மையாவே கொன்னுடும். போர்ட்டுக்குள்ள பின் வளைஞ்சு தெரிஞ்சாலும் அங்கேயே நிறுத்துங்க. அதுக்கு ஹாட் ஏர் ஸ்டேஷனும் பழகின கையும் வேணும். அது கடைக்காரர் வேலை, அதுக்கு அவருக்குக் காசு கொடுக்கறது நியாயம்.

கன்சோலே வச்சிருக்கற பின் கதவு

இதெல்லாம் பண்ணியும் கறுப்புன்னா, ஒவ்வொரு கன்சோல்லயும் ஒரு பின் கதவு இருக்கு. மேனுவல்ல எழுதியிருக்காங்க, நாமதான் பெட்டியோட பரண்ல போட்டுடறோம்.

பிஎஸ்4, பிஎஸ்5-ல ஆஃப் நிலையில பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சே இருங்க. முதல்ல ஒரு பீப், சுமார் 7 விநாடி கழிச்சு ரெண்டாவது பீப். அப்போ விட்டா சேஃப் மோட். கன்ட்ரோலரை கேபிள்ல மாட்டணும். சார்ஜ் மட்டும் ஏத்தற கேபிள் ஆகாது, டேட்டா போற கேபிள் வேணும். ரெண்டாவது ஆப்ஷன்ல ரெசொல்யூஷனை மாத்தலாம். பிஎஸ்5-ல ஹெச்டிசிபி முறையையும் அங்கேயே மாத்தலாம். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்ல பவரையும் எஜெக்டையும் சேர்த்துப் பிடிக்கணும், சீரிஸ் எஸ்ல பவரையும் பேர் பட்டனையும். ரெண்டாவது பீப்புக்கு அப்புறம் 640-க்கு 480-ங்கற சின்னப் படத்துல எழுந்து வரும். எந்த டிவியும் அதை வேண்டாம்னு சொல்லாது.

ஸ்விட்ச் வச்சிருக்கீங்களா? டாக்ல போட்டா டிவியில வரலேன்னா முதல் குற்றவாளி சார்ஜர். டிவிக்குப் படம் அனுப்ப 15 வோல்ட், 2.6 ஆம்பியர் கேட்கும். நிண்டெண்டோவோட அடாப்டர் அதைக் கொடுக்கும். நம்ம போன் சார்ஜர் நிறைய கொடுக்காது. பேட்டரி ஏறும், டிவி மட்டும் கறுப்பாவே இருக்கும். இறக்குமதிக் கடையில செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது பெட்டியில ஒரிஜினல் அடாப்டர் இருக்கான்னு கேளுங்க.

கரையான்சாவடியில எங்க பக்கத்துத் தெரு தம்பி ஒருத்தனோட பிஎஸ்4 ப்ரோ கதை இது. வீடு மாறினப்போ ஹால் டிவியை அண்ணன் எடுத்துக்கிட்டாரு, தம்பிக்கு ரூம்ல இருந்த பழைய டிவி. ஆன் பண்ணா கறுப்பு. ஒரு கடையில "போர்டு போச்சு, மாத்தணும்"னு சொல்லி ஒரு தொகை சொன்னாங்க. அவன் அப்பா ஒரு மாசம் ஓவர்டைம் பார்த்தா வர்ற தொகை அது. மெட்ரோ தூணுக்குக் கீழ டீ குடிச்சுக்கிட்டே அவன் சொன்னான், "விட்டுடலாம்ணா, பரீட்சை முடிஞ்சு பார்த்துக்கலாம்." லைட் வெள்ளையா வருதான்னு கேட்டேன். வருதுன்னான். சாயங்காலம் போய் சேஃப் மோட்ல ரெசொல்யூஷனை ஆட்டோமேட்டிக் ஆக்கினோம். படம் வந்துடுச்சு. பழைய டிவிக்கு 2160-ஐ கையால செட் பண்ணி வச்சிருந்தது அப்படியே இருந்திருக்கு, அவ்வளவுதான். நான் மேதைன்னு காட்ட இதைச் சொல்லல. ரெண்டு நிமிஷ வேலைக்கும் ஒரு மாச ஓவர்டைமுக்கும் நடுவுல இருந்தது ஒரே ஒரு கேள்வி, அதை யாரும் கேட்கலைங்கறதுக்காகச் சொல்றேன்.

இனி பூட்டு

இப்போ ரெண்டாவது வகைக்கு வருவோம். ஸ்க்ரீன்ஷாட், ரெக்கார்டிங்.

கேம்ல ஒரு அருமையான சீன். பட்டனை அழுத்தினா, "இந்தக் காட்சியைப் பதிவு செய்ய முடியாது". கன்ட்ரோலர் கெட்டுப்போச்சா, ஸ்டோரேஜ் ஃபுல்லான்னு தேடாதீங்க. அந்த இடத்தைப் பதிவு பண்ணக் கூடாதுன்னு கேம் எடுத்தவங்களே குறிச்சு வச்சிருக்காங்க. இதுக்குப் பேர் போன உதாரணம் அட்லஸ் நிறுவனத்தோட பெர்சோனா 5. 2017 ஏப்ரல்ல உலகம் முழுக்க வந்தப்போ, பிஎஸ்4-ல அந்த கேம் முழுசுக்கும் ஷேர் வசதியைப் பூட்டிட்டாங்க. வேற வழியில ஸ்ட்ரீம் பண்றவங்களுக்கும், கேம் நாட்காட்டியில ஜூலை 7-ஐத் தாண்டிக் காட்டினா நடவடிக்கைன்னு எச்சரிக்கை. ரசிகர்கள் கொந்தளிச்சதும் அந்த எல்லையை நவம்பர் 19 வரை தள்ளி வச்சாங்க. கவனிச்சீங்களா? கேள்வி கேட்டதும் பூட்டு கொஞ்சம் நகர்ந்தது. பழுதுன்னா கேள்வி கேட்டு நகராது.

அடுத்தது ஹெச்டிசிபி. இன்டெல் உருவாக்கின முறை. யூடியூப் சேனல் ஆரம்பிக்கலாம்னு கேப்ச்சர் கார்டு வாங்கி மாட்டினா, டிவியில படம், லேப்டாப்ல கறுப்பு. கார்டைத் திருப்பிக் கொடுத்துட்டு வேற கார்டு வாங்கினா அதுலயும் கறுப்பு. காரணம் கார்டு இல்ல. பிஎஸ்4, பிஎஸ்5-ல சிஸ்டம் செட்டிங்ஸ்குள்ள ஹெச்டிசிபி-ன்னு ஒரு சுவிட்ச் இருக்கு. அதை ஆஃப் பண்ணா கேம் பதிவாகும்; நெட்ஃபிளிக்ஸ் மாதிரி ஆப் மட்டும் அது வரைக்கும் ஓடாது. பிஎஸ்3-ல இந்தச் சுவிட்சே கிடையாது. பிஎஸ்4-லயும் 2013-ல வந்தப்போ இல்ல, 2014 அப்டேட்லதான் கொடுத்தாங்க. தொழில்நுட்பம் முன்னாடியே இருந்தது, மனசு அப்புறம்தான் வந்தது.

"ட்விட்டருக்குப் போகல, வைஃபை வீக்கா?"ன்னு கேட்கறவங்களுக்கு: வைஃபை மேல தப்பு இல்ல. எக்ஸ்பாக்ஸ் 2023 ஏப்ரல்லயும், பிளேஸ்டேஷன் 2023 நவம்பர்லயும், ஸ்விட்ச் 2024 ஜூன்லயும் அந்த வசதியை எடுத்துட்டாங்க. ரவுட்டரை எத்தனை தடவை ஆஃப் ஆன் பண்ணாலும் வராது.

பழுதுன்னு தோணும், ஆனா வெறும் விதி, இப்படி இன்னும் சிலது இருக்கு. ஸ்விட்ச்ல எடுத்த படம் மங்கலா இருக்கா? டிவியில 1080-ல தெரிஞ்சாலும் ஸ்க்ரீன்ஷாட்டை அது 720-லதான் சேமிக்கும். போனுக்கு ஒரு தடவைக்கு 10 படம்தான் அனுப்பும். க்யூஆர் ஸ்கேன் பண்ணியும் பக்கம் திறக்கலேன்னா மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணுங்க. ஸ்விட்சோட வைஃபையில இன்டர்நெட் இல்லேன்னு போன் டேட்டாவுக்குத் தாவிடுது. பிளேஸ்டேஷன்ல பென்டிரைவைக் கண்டுக்கலேன்னா அது என்டிஎஃப்எஸ்ல இருக்கும். எக்ஸ்ஃபேட்டுக்கு ஃபார்மட் பண்ணுங்க, உள்ள இருக்கறதை முதல்ல காப்பி எடுத்துக்கிட்டு. எக்ஸ்பாக்ஸ்ல ஹெச்டிஆர் ஸ்க்ரீன்ஷாட் ஜேஎக்ஸ்ஆர்ங்கற ஃபார்மட்ல சேவ் ஆகும். போன்ல திறக்கலேன்னா ஃபைல் கெட்டுப்போச்சுன்னு அழிச்சுடாதீங்க.

அவங்க பக்க நியாயம்

"கதை முன்கூட்டியே தெரிஞ்சா விற்பனை படுக்கும், படம் திருட்டுப் போகும், அதான் பூட்டறோம்"னு கம்பெனிகள் சொல்வாங்க. கதையைப் பத்தின கவலை எனக்குப் புரியுது. க்ளைமாக்ஸ் ஸ்பாய்லர் போட்ட ஃப்ரெண்டை வாட்ஸ்அப் குரூப்ல இருந்தே தூக்கினவன் நான். ஒரு கடைசிக் காட்சியைப் பூட்டறதுக்கும் மொத்த கேமையும் பூட்டறதுக்கும் வித்தியாசம் இருக்கு, அவ்வளவுதான் என் வாதம்.

திருட்டைத் தடுக்கற வாதம்தான் எனக்கு ஒட்டல. ஹெச்டிசிபி-யோட மாஸ்டர் சாவி 2010 செப்டம்பர்லயே வெளிய கசிஞ்சது. இன்டெலே அதை உண்மைன்னு ஒத்துக்கிட்டாங்க. படத்தைத் திருடணும்னு கிளம்பினவனை அந்தப் பூட்டு நிறுத்தல. காசு கொடுத்து ஒரிஜினல் வாங்கி, பழைய டிவியில மாட்டற ஆளைத்தான் கறுப்புல உட்கார வச்சது. வீட்டுக்காரனுக்கே சாவி சேராத பூட்டு அது.

சரி, பூட்டறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. குறைஞ்சபட்சம் "பூட்டியிருக்கேன்"னு சொல்லலாமே? நம்ம பேங்க் ஆப்ல ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் பாருங்க. "இந்த ஆப் அனுமதிக்கல"ன்னு ஆண்ட்ராய்டு ஒரு வரி காட்டுது. எரிச்சலா இருக்கும், ஆனா குழப்பம் இல்ல. போனை யாரும் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிட்டுப் போறது இல்ல. அந்த ஒரு வரியோட மதிப்பு அதுதான். காட்சியைப் பூட்டினா கன்சோல்லயும் அறிவிப்பு வந்துடுது. ஹெச்டிஎம்ஐ பேச்சுவார்த்தை முறிஞ்சா மட்டும் ஏன் மௌனம்? எந்தப் படியில நின்னதுன்னு கன்சோலுக்கு உள்ளுக்குள்ள தெரியும். முன்னாடி இருக்கற லைட்டை ஒவ்வொரு காரணத்துக்கும் ஒவ்வொரு எண்ணிக்கையில சிமிட்ட வைக்கலாம். நம்ம வீட்டு வாஷிங் மெஷினே எர்ரர் கோடு காட்டுதே, கன்சோலுக்கு என்ன வந்தது?

நீங்க செய்ய வேண்டியது

கடைக்குப் போறதே தப்புன்னு நான் சொல்லல. போகும்போது "ஓடல அண்ணா"ன்னு மட்டும் சொல்லாதீங்க. "லைட் வெள்ளையா வருது, மூணு கேபிள், ரெண்டு டிவியில பார்த்தாச்சு, சேஃப் மோட்லயும் படம் இல்ல"ன்னு சொல்லுங்க. நல்ல டெக்னீஷியனுக்கு அரை மணி நேர வேலை மிச்சம். ஏமாத்த நினைக்கறவருக்கும் ஒரு தகவல் போய்ச் சேரும். வாரண்டி இருக்கும்போது வெளிய திறக்க விடாதீங்க. கம்பெனி சர்வீஸே இழுத்தடிச்சா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கு. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24-ல ரைட் டு ரிப்பேர் தளம் ஆரம்பிச்சாங்க. மொபைலும் எலக்ட்ரானிக்ஸும் அது எடுத்துக்கிட்ட நாலு துறைகள்ல ஒண்ணு. பழுதுக்கு இந்த வழிகள் இருக்கு. பூட்டுக்கு ஒரே வழி, 2017-ல பெர்சோனா ரசிகர்கள் பண்ண மாதிரி சத்தமா கேட்கறது.

கேம் ஆடாதவங்க "எனக்கென்ன"ன்னு இந்தப் பக்கத்தைத் தாண்டிடாதீங்க. ப்ராஜெக்ட் ரிவியூ அன்னைக்கு செமினார் ஹால் ப்ரொஜெக்டர் உங்க லேப்டாப்பைக் கண்டுக்காம "நோ சிக்னல்" காட்டும்போது நடக்கறதும் இதே நாலு படிப் பேச்சுவார்த்தைதான். நடுவுல இருக்கற கன்வெர்ட்டரை மாத்துங்க, ரெசொல்யூஷனைக் குறைங்க, ப்ரொஜெக்டரை முதல்ல ஆன் பண்ணுங்க. எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் முகத்தைப் பார்த்துக்கிட்டு ஆட்டி ஆட்டிச் சொருகாதீங்க.

இன்னும் சில மாசத்துல நம்மள்ல சிலர் டிவி, செட்டாப் பாக்ஸ், கார் டிஸ்ப்ளேக்கு ஃபர்ம்வேர் எழுதற வேலைக்குப் போகப் போறோம். எர்ரர் வந்தா திரையைக் கறுப்பாக்கிட்டு அடுத்த வரிக்குப் போறது ரொம்ப சுலபம், டெட்லைன் நாள்ல கை அதைத்தான் தேடும். அந்த இடத்துல ஒரு வரி கூட எழுதுங்க, என்ன ஆச்சுன்னு. எங்கயோ ஒரு வீட்டுல ஒரு அப்பாவோட ஒரு மாச ஓவர்டைம் மிச்சமாகும்.